மே ஒன்றாம் தேதிக்குப் போட்ட டிக்

மார்ச் 8, ஞாயிறு

காலையிலேயே வெயில் சுள்ளென்று. வாஷிங் மெஷின் பைப் மாற்றினேன். ஒழுகல் நின்றது.

யாழினி தன் பட்டியலைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். தலைப்பு: ‘ஆஸ்திரேலியா – வானம்’. தேவியின் தம்பி, என் மச்சான் பிரபு நாலு வருடமாக மெல்பர்னிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருவழியாக ஏப்ரல் கடைசியில் போகிறோம், மூன்று வாரத்துக்கு. ஊர் சுற்றுவது பிரபு பொறுப்பு. வானம் மட்டும் யாழினி பொறுப்பு. ஒன்பதாவதுதான் படிக்கிறாள், திட்டம் போடுவதில் எங்கள் பிளான்ட் மேனேஜர் தோற்றார்.

அவள் எழுதியது அப்படியே:
1. தெற்குச் சிலுவை, உச்சியில். (இங்கேயும் தெரியுமாம், தெற்கே தரையை ஒட்டி. எங்கள் மாடியில் அந்தப் பக்கம் கல்யாண மண்டபத்து விளக்குதான் தெரியும்.)
2. மெகல்லன் மேகங்கள், இரண்டு. நம்ம ஊரிலிருந்து தெரியவே தெரியாது!!! (மூன்று அடிக்கோடு. மேகம் இல்லையாம், பக்கத்து நட்சத்திரக் கூட்டங்களாம்.)
3. ஓரியன், தலைகீழாக.
4. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள். (இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க.)
5. அப்பா – பண்ணையில் புக்கிங். அமாவாசையை ஒட்டி.

பண்ணை என்றால் பிரபு வீட்டிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி, பெரிய டெலஸ்கோப் வைத்திருக்கும் ஒருவருடைய இடம்.

தேவி ஐந்தாவது வரியைப் பார்த்துவிட்டு, “ஊர் பேர் தெரியாத காட்டுக்கு அமாவாசையிலயா புள்ளைய இட்டுக்கினு போவீங்க? சித்ரா பௌர்ணமி வருது பாருங்க” என்றாள். காலண்டரில் மே 1. நிறைந்த நாள், போதாததற்கு மே தினம். (ஆஸ்திரேலியாவில் எனக்கு எதற்கு மே தின லீவு? அப்போது தோன்றவில்லை.)

யாழினி டியூஷன் போயிருந்தபோதே போனில் புக் பண்ணிவிட்டேன். மூன்று தேதி காட்டியது: 1, 15, 16. ஒன்றை அழுத்தினேன். கீழே நீளமாக இங்கிலீஷ், அதற்கும் கீழே ஒரு கட்டம். டிக். முடிந்தது. பிரபுவுக்கும் தகவல். மே 1க்கு லீவும் சொல்லிவிட்டான். பெரிய மனுஷன் மாதிரி இருந்தது எனக்கு.

மார்ச் 10, செவ்வாய்

முதல் ஷிப்ட். பெரியபாளையம் தாண்டி கம்பெனி பஸ் பஞ்சர், அரை மணி தாமதம்.

டீ நேரத்தில் உலை ஆபரேட்டர் முனுசாமியிடம் பயணத்தைப் பற்றி அளந்தேன். பள்ளிப்பட்டுக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “பௌர்ணமில இன்னா நைனா நட்சத்திரம் தெரியும்? நிலா வெளிச்சம் அல்லாத்தையும் முழுங்கிடாது?”

சிரித்து மழுப்பினேன். ஸ்டோர் பின்னால் போய் நின்று அந்த நீள இங்கிலீஷை முதல்முறையாகப் படித்தேன். இது நிலா பார்க்கும் இரவு, மங்கலான நட்சத்திரங்களும் மெகல்லன் மேகங்களும் தெரியாது, இதை அறிந்தே பதிவு செய்கிறேன். கீழே என் டிக்.

யாழினியைக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பாள், ஏன் அமாவாசை என்று.

இதில் ஒரு கூத்து. போன மாதம் இதே முனுசாமிக்கு நான் சூப்பர்வைசர் என்ற முறையில் மெமோ கொடுத்தேன். மீட்டரைப் பார்க்காமலே வெப்பநிலை எழுதிக் கையெழுத்துப் போட்டதற்கு. “பாக்கல சார், தப்புதான்” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அதற்கும் மேலே பத்து நிமிஷம் லெக்சர் அடித்தேன்.

15ஆம் தேதி இன்னும் காலி. மாற்றிவிடலாம். ஆனால் பிரபுவிடம் காரணம் சொல்ல வேண்டும். அவன் வாய் சும்மா இருக்காது, மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவான்.

வீட்டுக்கு வந்ததும் யாழினி: “புக் பண்ணியாப்பா? எந்தத் தேதி?”

“மே ஒண்ணு. அவுங்ககிட்ட வேற தேதி இல்லம்மா.”

எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவள் காலண்டரைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. “பரவால்லப்பா” என்றாள்.

மார்ச் 11, புதன்

15 காலியாகத்தான் இருக்கிறது. நாலு இடம். பிரபுவுக்குப் போன் போட எடுத்தேன், வைத்தேன். இரண்டு முறை. நாளைக்கு.

கேஸ் புக்கிங். தேவிக்குப் பல்வலி மாத்திரை.

மார்ச் 12, வியாழன்

இன்றும் பேசவில்லை. உலையில் கோளாறு, நேரமில்லை என்று எழுதலாம். நேரம் இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

புழுக்கம். சாயந்திரம் இரண்டு கரண்ட் கட்.

யாழினி பண்ணைக்காரருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். “ஸ்பெல்லிங் மட்டும் பாருப்பா.” புக்கிங் என் மெயிலில் என்பதால் என் போனிலிருந்துதான் அனுப்ப வேண்டும். எட்டு வரி. அமாவாசையை ஒட்டிய இரவுகளில் யாராவது வராமல் போனால் எங்களுக்கு அந்த இடத்தைத் தர முடியுமா, மேகங்களைப் பார்க்க ஆறாவதிலிருந்து காத்திருக்கிறேன். அப்புறம் ஒரு வரி: என் அப்பா மிகவும் முயற்சி செய்தார், ஆனால் வேறு தேதி கிடைக்கவில்லை.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். கையில் போன், எதிரில் பெண், வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் ‘ரிசீவ்’ என்ற வார்த்தையில் எழுத்தைத் திருத்திக் கொடுத்தேன். அவளே அனுப்பினாள்.

பாத்ரூமில் போய்ப் பார்த்தேன். 15 நிறைந்துவிட்டது. 16ம்.

இப்படி ஒரு கோழையா நான்?

மார்ச் 14, சனி

ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வந்தேன். பதில் வந்திருந்தது. நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது யாழினி படித்துவிட்டாள். போனை மேஜையில் வைத்தாள்.

“இன்னாம்மா போட்டிருக்காங்க?”

“ஒண்ணுமில்லப்பா. இடம் இல்லியாம்.”

உள்ளே போய்விட்டாள். எடுத்துப் படித்தேன். மரியாதையான மனிதர். உன் அப்பா பதிவு செய்தபோது மூன்று இரவுகளும் காலியாக இருந்தன, அவர் நிலா இரவைத் தேர்ந்தெடுத்தார். 15ஆம் தேதியில் நேற்றுக் காலை வரைகூட இடம் இருந்தது. மன்னிக்கவும்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாம்பார் போட்டுக்கொண்டாள், அப்பளம் கேட்டாள், கணக்குப் பரீட்சையைப் பற்றித் தேவியிடம் பேசினாள். நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். “மூஞ்சி ஏன் இப்பிடிக் கீது?” என்றாள் தேவி. வெயில் என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் பனி. கறிக்கடையில் கூட்டம், ஒரு மணி நேரம் நின்றேன். நின்றபடி ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன்: ‘நான்தாம்மா பாக்காம போட்டேன், உன்கிட்ட பொய் சொன்னேன்.’ முனுசாமியின் வாக்கியத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். சாப்பிட்டு முடித்ததும் சொல்வதாக முடிவு.

வந்து பார்த்தால் சுவரில் புதுப் பட்டியல். மெகல்லன் மேகங்கள் இல்லை. ‘நிலா – பள்ளங்கள், மலைகள். தலைகீழாகத் தெரியும்’ என்று போட்டிருக்கிறாள். சிவப்புத்தாளையும் அடித்துவிட்டாள். அந்த வெளிச்சத்தில் டார்ச்சே தேவைப்படாது.

பன்னிரண்டு மணிக்குப் பிரபு வீடியோ கால். போனைப் பிடித்துக்கொண்டிருந்தவள் யாழினி. நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா பாப்பா, பௌர்ணமி அன்னிக்குப் போயி யார்னா நட்சத்திரம் பாப்பாங்களா? உங்கப்பன் தேதி பாத்த லட்சணமா இது? எங்க அந்தாளு, கூப்புடு!”

கத்தியைக் கீழே வைத்தேன். இதோ வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“இல்ல மாமா” என்றாள் யாழினி. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நான் நன்றாகத் தெரிவேன். என் பக்கம் திரும்பவே இல்லை. “அவுங்ககிட்ட வேற தேதியே இல்ல. அப்பா எவ்ளோ கேட்டுப் பாத்தாரு தெரியுமா?”