அண்ணி போட்ட உப்புக்கோடு

ஊரே தப்பாகப் புரிந்துகொண்ட என் அருமை அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீங்கள் நடுவில் எதையும் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள். அண்ணனும் நன்றாக இருக்கிறான். உங்கள் பழைய கார்தான் குளிர் வந்தால் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. அதை இப்போது நான் ஓட்டுகிறேன். ஆமாம், நானேதான். சிரிக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தைத் தமிழ்ச் சங்க மலரில் போடப்போகிறேன். நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று நம் சனங்களுக்கு இன்னும் தெரியாது. ஈரோட்டில் யாரோ கேட்டதற்கு அம்மா, மருமகள் அமெரிக்காவில் கான்சன்ட்ரேஷன் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று சொல்லிவைத்தார். நம் வீடுகளில் கான்சன்ட்ரேஷன் என்றால் பிள்ளைகள் புத்தகத்தின்மேல் வைக்க வேண்டிய கவனம். அப்புறம் கேட்கவா வேண்டும்? பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருந்த சொந்தக்காரர் அத்தனை பேரும் போன் போட்டார்கள். பெரியத்தை மாத்திரை ஏதாவது இருந்தால் அனுப்பச் சொன்னார். நீங்களும் சளைக்காமல், டிவியை அணைத்து வைத்தால் போதும் என்று வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அண்ணன் மட்டும் என்ன ஒழுங்கு? எண்ணெய்க் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். அவள் ஏதோ கலர் தண்ணீர் வைத்திருக்கிறாள் என்பதோடு அவனுக்கு உங்கள் விஞ்ஞானம் முடிந்துபோனது.

எனக்கு அதிர்ஷ்டம். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த புதிதில் கார் ஓட்டத் தெரியாமல் சுகர் லேண்ட் ஊரில் உங்கள் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த என்னைச் சனிக்கிழமைகளில் உங்கள் லேபுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். தட்டையான கண்ணாடித் தட்டில் செந்நிறத்தில் ஒரு கரைசல். பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் ஒரு நீலப் புள்ளி தோன்றும், வளையமாகும், விரியும். அதற்குள் இன்னொரு வளையம் கிளம்பும். தண்ணீர் அசையவே இல்லை, அதில் கலந்திருக்கும் பொருளின் செறிவுதான் கூடியும் குறைந்தும் அலையாகப் போகிறது என்றீர்கள். அந்தச் செறிவுக்குத்தான் இங்கிலீஷில் கான்சன்ட்ரேஷன் என்று பெயராம். இரண்டு வளையங்கள் மோதினால் இரண்டுமே அங்கேயே மறைந்துவிடும். நம் இதயத்திலும் இதே மாதிரி ஒரு அலை ஓடித்தான் அது துடிக்கிறது என்றீர்கள். நான் தலையாட்டினேன். புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த ஊறுகாய் நாள் நினைவிருக்கிறதா? ஸ்பூன் கொண்டுவர மறந்து, லேபுக்கு வெளியே உட்கார்ந்து இருவரும் கையாலேயே தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டோம். விரலை டிஷ்யூவில் துடைத்துவிட்டு உள்ளே போனீர்கள். கரைசலில் நின்ற ஒரு குமிழியை அந்த விரலாலேயே தொட்டு உடைத்தீர்கள். உப்புப் பட்டால் அலை அந்த இடத்தில் செத்துவிடும் என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தவர் நீங்கள். அடுத்து வந்த அலை அங்கே அறுந்தது. அறுந்த முனை அந்தப் புள்ளியையே செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பித்தது. மற்ற வளையங்களையும் அது வளரவிடவில்லை.

நீங்கள் பதறவே இல்லை. ஒரு குச்சியை உப்புத் தண்ணீரில் நனைத்து, அந்தப் புள்ளியிலிருந்து தட்டின் விளிம்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்தீர்கள்.

"இப்பப் பாரு சுமதி, சுத்தி வர்றதுக்கு அதுக்கு வழியே கெடையாது."

அலை வந்தது, கோட்டில் முட்டியது, அடங்கிவிட்டது. சற்று நேரத்தில் பழையபடி வளையங்கள் விரிந்தன. நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இனி என் கதை. நீங்கள் போன அடுத்த வருஷம் என் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. வேலை டென்ஷன் என்று விட்டுவிட்டேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியபோதுதான் அண்ணன் என்னை டாக்டரிடம் அழைத்துப் போனான். இதயத்தின் மேலறையில் ஒரு அலை, வால்வைச் சுற்றிச் சுற்றி நிற்காமல் ஓடுகிறதாம். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. அப்படியே விட்டால் இதயம் தளர்ந்துபோகும் என்றார் டாக்டர். தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பியை அனுப்பி, வால்வின் ஓரத்திலிருந்து பக்கத்து ரத்தக்குழாய் வரைக்கும் ஒரு கோடு சுட்டுவிட்டால் நின்றுவிடும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். நான் சிரித்துவிட்டேன் அண்ணி. பயத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. ஃப்ரீவேயில் ஏறியபிறகுதான் வாயைத் திறந்தான்.

"வேண்டாம் கண்ணு. வேற மாத்திரை கேப்போம். அந்த வெயிட்டிங் ரூம்ல இன்னொரு தடவ என்னால உக்கார முடியாது."

அவனை என்ன சொல்வது? வயிற்றுக் கட்டியை எடுக்க உங்களை உள்ளே அனுப்பிவிட்டு, நீங்கள் வருவீர்கள் என்றுதானே அன்று உட்கார்ந்திருந்தான்? எனக்கோ கோடு போட்டே ஆக வேண்டும். அவன் மனம் ஒப்பாமல் போகவும் எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் ஊறுகாய் நாளை ஒன்றுவிடாமல் சொன்னேன். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய எக்ஸிட் வந்தது, போனது, அவன் கவனிக்கவில்லை.

"கோடு போட்டதும் நின்னுருச்சா?"

"நின்னுருச்சுண்ணா. நான் கண்ணால பாத்தேன்."

"நெசமாவே அவதான் போட்டாளா?"

ஆமாம் என்றேன். அடுத்த எக்ஸிட்டில் திரும்பி, பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தினான். அப்புறம், சரி, நாள் குறிக்கச் சொல் என்றான்.

போன மாதம் அந்தச் சிகிச்சை முடிந்தது. அரைத்தூக்கத்தில் படுத்திருந்தேன். இப்போது சுற்றவில்லை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நெஞ்சுக்குள் அப்படி ஒரு நிம்மதி. ஏன் அண்ணி, இது நின்றதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்கக் கூடாதா?

அண்ணன் அந்த வெயிட்டிங் ரூமில்தான் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்த டாக்டரிடம், அலை கோட்டில் முட்டி நின்றதா, இல்லை வேறு வழி தேடிப் போய்விடுமா என்று கேட்டானாம். சாயங்காலம் என்னைப் பார்க்க வந்த டாக்டர் அதை வியந்து வியந்து சொன்னார். உன் அண்ணன் மனைவிக்கு இந்த அலைகள் பற்றித்தான் ஆராய்ச்சியாமே, சொல்லிப் பெருமைப்படுகிறாரே, ஒருநாள் உன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாயேன் என்றார்.

கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டேன் அண்ணி. வேறு என்ன சொல்ல?

உங்களைப் பற்றி அண்ணன் இப்போது தினமும் கேட்கிறான். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வேன். அது தீர்ந்துபோனால் உங்கள் லேபுக்கே போய், தெரிந்தவர்களைப் பிடித்துக் கேட்டுவந்து சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
சுமதி