மாலை விழுந்த படம்

என் அன்பான அப்பா,

போன கிழமை உங்கள் திவசம் நடந்தது. பயற்றங்காய்க் கறியில் உப்புக் கூடிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பீர்களா?

உங்கள் ஹொலிவூட் நடிகையை நான் மறக்கவில்லை. அவள் செத்த செய்தி வந்த அன்று அவளுடைய படத்துக்கு நீங்கள் மாலை போட்டீர்கள். “உது ஆர், உங்கடை முதல் தாரமோ?” என்று இணுவில் ஊரே சிரித்தது. அவளுடைய கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! சின்ன ஊர்ப் பெண். படக் கொம்பனி பெயரை மாற்றியது, தலைமயிரைப் பொன்னிறமாக்கியது, கன்னம் ஒட்டவேண்டுமென்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியது. விழித்திருக்க விழுங்குவது ஒரு குளிசை, உறங்க ஒரு குளிசை. படத்துக்கு மேல் படம் ஓடியது. முகத்தில் சுருக்கம் விழுந்ததும் கைவிட்டார்கள். வாடகை அறையில் தனியாகச் செத்துக் கிடந்தாள். யாரோ ஒருத்திக்காக நீங்கள் கண் கலங்குவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இப்போது உங்கள் பேத்தி, என் ஒரே மகள், சென்னையில் கதாநாயகி. சட்டம் போட்ட பெரிய படமொன்று அனுப்பியிருந்தாள். பொன்னிறத் தலைமயிர், ஒட்டிய கன்னம். திவசத்தன்று உங்கள் படத்தோடு அதுவும் மேசையில் இருந்தது. வெள்ளையடிக்கச் சுவரிலிருந்து கழற்றிய நடிகையின் படம் சாமான் அறையில் கிடந்தது. உங்கள் தங்கைதான், மாமிதான், மாலை போட்டார். உங்களுக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று.

“மாமி! என்ன வேலை பாத்தனீங்கள்? அது எங்கடை பிள்ளையெல்லே!”

“ஐயோ, அண்ணையின்ரை நடிகை எண்டெல்லோ நினைச்சன். செத்தவள்தானே எண்டு போட்டிட்டன்.”

மாலையைப் பிய்த்து எறிந்தேன். மாமியை என்ன சொல்ல? அந்தப் படம் வந்த அன்று எனக்கே ஒரு கணம் ஆளைத் தெரியவில்லை.

உடனே மகளுக்குப் போன் அடித்தேன். அவளுடைய சொற்கள் இழுபட்டு வந்தன.

“நித்திரைக்குக் குளிசை தருகினம் அம்மா. நல்ல டொக்டர்தான். யோசிக்காதேங்கோ.”

“பல்லுப் பிடுங்கினவையோ?”

“ஓம், பிடுங்கினவை” என்றாள்.

எனக்குப் பயமாயிருக்கிறது, அப்பா. நேற்று மத்தியானம் திரும்ப அடித்தேன். எவனோ ஒருவன் எடுத்தான். “மேடம் தூங்குறாங்க” என்றான். மத்தியானத்திலா?

“நான் அம்மா கதைக்கிறன். எழுப்பிவிடுங்கோ.”

சிரித்தான். “யாரும்மா நீங்க? மேடத்துக்கு அம்மா கிடையாதே. சின்ன வயசுலயே இறந்துட்டாங்கன்னு பேட்டியெல்லாம் வந்திருக்கே.”

அந்தப் பேட்டியில் அப்படிச் சொன்னது அவளா, கொம்பனியா? எனக்குத் தெரியவேண்டாம். விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். கிடைத்த அன்றே பலாலியில் விமானம் ஏறுவேன். வாசலில் யார் மறித்தாலும் உள்ளே போவேன். கையைப் பிடித்து இழுத்தாவது என் பிள்ளையை உயிரோடு கூட்டிவருவேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
இன்னும் சாகாத
உங்கள் மகள், அவளுடைய அம்மா