ஒரே எண்ணில் இரண்டு கார்டு

மார்ச் 3, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பூவிழி அக்கா போன் செய்தாள். "மாமா பேப்பர்ல வந்திருக்காரு, பாத்தியா?"

பார்த்தேன். மலைமேலுள்ள கியா பார்ம் சந்தையில் தன் ஸ்ட்ராபெரி கடைக்குப் பின்னால் அக்கா வீட்டுக்காரர் குகனேஸ்வரன் மாமா பழைய வீட்டுக் கணினிகளைக் காட்சிக்கு வைக்கப்போகிறார். படத்தில் அவர் கை வைத்திருப்பது என் கணினி மேல். செத்துக் கிடந்ததை அவரே ஓடவைத்தாராம்.

அந்த ஹார்ட் டிஸ்கை இயக்கும் கன்ட்ரோலர் கார்டைத் தேடிப் பிடித்து, கையேடே இல்லாமல் ஜம்பரை ஒவ்வொரு ஊசியிலும் மாட்டிப் பார்த்து, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தது யாரு? நான்தான்! அவர் என்கிட்ட இரவல் வாங்கிட்டுப் போன மனுசன்!

மார்ச் 4

விடமாட்டேன்.

மார்ச் 9, சனி

மாமாவே கூப்பிட்டார். "துளசி, டிஸ்க் எழும்ப மாட்டேங்குது லா. கொஞ்சம் வந்து பாரேன்."

திறப்பு விழாவில் பாட்டு போட ஒரு சவுண்ட் கார்டைச் செருகியிருக்கிறார். செருகும்போது பக்கத்திலிருந்த டிஸ்க் கார்டின் ஜம்பர் கழன்று விழுந்துவிட்டது.

ஜம்பர் என்பது நகத்தளவு பிளாஸ்டிக் மூடி. அதை எந்த ஊசிகளில் மாட்டுகிறோமோ அதுதான் கார்டுக்கு எண். இரண்டு கார்டுக்கும் ஒரே எண் கொடுத்தால்? பாட்டு தொடங்கும்வரை ஒழுங்காக ஓடும். தொடங்கியதும் இரண்டும் மோதி, கணினி உறைந்துவிடும்.

ஒரே எண்ணைக் கொடுத்தேன். டிஸ்க் உறுமி எழுந்தது.

"கெட்டிக்காரி நீ," என்றார். அதைப் பேப்பர்காரனிடம் சொல்லியிருக்கலாமே?

மார்ச் 16, சனி

பிரிஞ்சாங் ஊர்க் கடைக்காரர்கள், சுற்றுலாக்காரர்கள், அக்காவின் மாமியார் என்று நல்ல கூட்டம். மாமா மைக்கில் பெருமையாகப் பேசிவிட்டு பாட்டைப் போட்டார். அரை வரி. பிறகு ஒரே இரைச்சல். திரை உறைந்தது. யாரோ சிரித்தார்கள். எவ்வளவு இனித்தது!

அவர் மைக்கிலேயே கத்தினார். "இத நான் செய்யல! ஆரம்பத்துலேர்ந்து எல்லாம் துளசி செஞ்சது!"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எழுந்து போனேன். "ஆமா, நான்தான் செஞ்சேன்." கணினியை அணைத்து, பெட்டியைத் திறந்து, ஜம்பரை மாற்றினேன். பாட்டு கடைசிவரை ஓடியது. கைதட்டினார்கள்.

அக்கா தட்டவில்லை. வாசலில் என் கையைப் பிடித்தாள். "தேடக்கூட இல்ல. திறந்ததும் நேரா அந்த எடத்துக்கே போன. நீதானே செஞ்சு வச்ச?"

கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 20

அக்கா போனை எடுக்கவில்லை. எடுக்காட்டி போகட்டும். பேப்பர் வந்தப்ப எனக்காக அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று அக்காவே கூப்பிட்டாள். இன்னொரு கணினியிலும் டிஸ்க் எழவில்லையாம். மாமாவுக்குக் கேட்கக் கூச்சமாம்.

"வா. ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன்."

போனேன். என் கணினிக்கு முன்னால் என் பெயர் எழுதி வைத்திருந்தார்கள், பெரிய எழுத்தில். மற்றதைத் திறந்து கார்டை எடுத்தேன். அக்கா என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.