அப்பாவின் பெயரும் வரும்

அன்புள்ள மகனுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று ஸ்காபரோ மோலில் கடைகளுக்கு முன்னால் ஒரு பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு நின்றாள். மிருகங்களை வதைத்துத் தண்டனை பெற்றவர்களின் பெயர்களை, எல்லாரும் பார்க்கிற பதிவேட்டில் போட வேண்டுமாம். நான் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். உன் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயரும் அதில் வருமே. வீட்டில் எலிப்பொறி வைக்கவே விடாத மனுசன் அவர்.

பின்னேரம் நீ கட்டப்போகிற அட்சயா எனக்குப் போன் எடுத்தாள். "அன்ரி, ரூஜ் பக்கம் வீடு எடுத்தவுடன எனக்கொரு நாய்க்குட்டி வாங்கித் தாறாராம்!" ஒரே சிரிப்பு. "நல்லது பிள்ளை" என்றேன்.

நீ மிருகம் வளர்க்கக் கூடாதென்று கோட்டில் நீதிபதி போட்ட தடை முடிந்துவிட்டதுதான். ஆனால் உன்னிடமிருந்து நான் கூட்டிவந்த நாய் றெக்சி, வாசல் பூட்டில் திறப்புப் போடுகிற சத்தம் கேட்டால் இப்போதும் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிக்கிறது.

இன்று காலை திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அப்பா பொறுத்துக்கொள்வார்.

பதிவேடு எப்போது வருமோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அட்சயா இங்கே சாப்பிட வருகிறாள். அதற்குள் நீயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

நீயும் வந்தால், திறப்புப் போட்டுத் திறக்காதே மகன். பெல்லை அடி.

உன்னைப் பெற்றவள்