என் கைக்காக நீ கொடுத்த கால்

இன்று காலை பசாரில் மீனுக்கு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாவின் முழங்காலிலிருந்து ஜாதிக்காய் எண்ணெய் வாசம் வந்தது. அவ்வளவுதான், என்ன மீன் வாங்க வந்தேன் என்பதே மறந்துபோயிற்று. மீன்காரர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். வெறும் பையோடு வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கம்போங் செட்டி கிராமத்தில், தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவள் நீ. சாமி கும்பிடும்போது வாயில் நாலு தமிழ் வார்த்தை வரும், மற்ற எல்லாவற்றுக்கும் உங்கள் வீட்டு மலாய்தான். நீ உயிரோடு இருந்தபோது உனக்குக் கடிதம் எழுதியிருந்தால் நானே வந்து வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அதனால் இப்போது கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன். நீ பேசியதையும் என் காதில் விழுந்தபடி தமிழாக்கிக்கொள்கிறேன். குற்றம் கண்டுபிடிக்காதே.

சுதந்திரம் வந்த வருடம் அது. வெள்ளைக்கார அதிகாரிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அரசாங்க அலுவலகங்களில் நம் ஊர்ப் பிள்ளைகளை கிராணி என்கிற குமாஸ்தா வேலைக்கும் டைப்பிங் வேலைக்கும் எடுக்கப்போவதாகப் பேச்சு. தோழிகள் நாம் இருவரும் டைப்பிங் வகுப்பில் சேர்ந்தோம். நீ இரண்டே மாதத்தில், "இந்த மெஷினுக்கு என்னைப் பிடிக்கலை" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாய். எனக்கு அப்படி நிற்க வழியில்லை. அப்பா கண் மங்கிக் காவல் வேலையை விட்டிருந்தார். நான் சம்பாதித்தால்தான் தம்பியின் படிப்பு, வாடகை, அரிசி எல்லாம்.

வேலைக்கான டைப்பிங் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது காஜா பெராங் சாலையில் மழையில் சைக்கிளோடு விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தால், கை மரக்கட்டையாக இருந்தது. மணிக்கட்டு மடங்கவில்லை, விரல்களை மூடினால் பாதியில் நின்றன. அழுதுகொண்டே உன் வீட்டுக்கு வந்தேன்.

பண்டார் ஹிலிர் பக்கம் ஒருவர் பெரிய விளம்பரப் பலகை வைத்து எண்ணெய் போட்டு நீவிவிட்டுக்கொண்டிருந்தார். பத்து நாளைக்குக் கட்டணம் முப்பது வெள்ளி, எண்ணெய்க்குத் தனி. அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டாள். எனக்கும் அவர்மேல்தான் நம்பிக்கை. இவ்வளவு வாங்குகிறார் என்றால் கையில் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். அந்த வயதில் என் புத்தி அப்படி.

நீ சங்கிலியை எடுத்து அம்மா கையிலேயே திருப்பி வைத்தாய். "உனக்கு இருக்கறது ஒரு வலது கைதான். எனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. முதல்ல என் காலைக் கொடுத்துப் பார்ப்போம்" என்றாய். பைத்தியக்காரி என்று நினைத்தேன். ஆனாலும் உன் பின்னாலேயே வந்தேன். உன் பேச்சைத் தட்ட எனக்கு எப்போதாவது முடிந்திருக்கிறதா?

கடை வாசலிலிருந்தே நொண்ட ஆரம்பித்துவிட்டாய். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். நான் மலைத்து நின்றேன். நீ நொண்டிக்கொண்டே போய் ஒவ்வொன்றாக வாசித்தாய். "இது கோழிக் கண்காட்சியில கொடுத்தது" என்று என் காதில் சொன்னாய். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் உன் காலைப் பார்த்த மாத்திரத்தில், "நரம்பு பிசகியிருக்கு. விட்டா ஆயுசுக்கும் நொண்டிதான்" என்றார். எப்படி அடிபட்டது, எப்போதிலிருந்து வலி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினார். "அடோய்!" என்று நீ கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். வெளியே வந்தும் என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தாய்.

"போதும், நடிப்பை நிறுத்து" என்றேன்.

"நல்லா நடிச்சேனா?" என்று கேட்டுச் சிரித்தாய்.

மூன்று நாள் கழித்து, உங்கள் கம்போங்கைத் தாண்டி இருந்த ஒரு மலாய் அம்மாவிடம் கூட்டிப்போனாய். ‘அத்தை’ என்பதுபோல மாக்சிக் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பலகையும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோருக்கும் அவர்தான் உடம்பு பிடித்துவிடுபவர். தன் தாயிடம் பத்து வருடம் கூடவே இருந்து கற்றவராம். உன்னை நடக்கச் சொன்னார். திரும்பி நடக்கச் சொன்னார். பிறகுதான் காலைத் தொட்டார். தொட்ட கை அப்படியே நின்றது.

"சியாப்பா புவாட்?" என்றார். யார் இப்படிச் செய்தது என்று.

நீ பாவாடையை இழுத்து மூடப் பார்த்தாய். மாக்சிக் என் பக்கம் திரும்பி, "இது நல்ல கால், பிள்ளை. விழுந்த கால் இல்ல. ரெண்டு மூணு நாளைக்கு முன்னால யாரோ திருகக் கூடாத பக்கம் திருகியிருக்காங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக நீ நொண்டியது நடிப்பே இல்லை. பாவாடையை விலக்கிப் பார்த்தால் கணுக்கால் வீங்கிக் கிடந்தது. அந்தத் திருகு என் மணிக்கட்டில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டேன். "ஏன் சொல்லலை?" என்று உன்னைப் பிடித்து உலுக்கினேன்.

"சொன்னா இன்னொரு இடத்துக்கு என்னை வரவிடுவியா?" என்றாய்.

என் கையை நீட்டினேன். மாக்சிக் தொட மறுத்துவிட்டார். "எலும்பு ஒட்டிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரா? கேட்டுக்கிட்டு வா. கேக்காம நான் தொட மாட்டேன்." எனக்குக் கோபம் வந்தது. உனக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வேணாம்னு சொல்லத் தெரிஞ்சவங்க, பாரு. இவங்கதான்" என்றாய்.

டாக்டர் சரி என்றார், பலவந்தமாக மடக்கக் கூடாது என்றும் சொன்னார். அதன் பிறகு தினமும் காலையில் மாக்சிக் வீடு. முதலில் வெந்நீரில் கை, பிறகு ஜாதிக்காய் எண்ணெய், பிறகு விரல் விரலாக. ஒரு நாள்கூட வலிக்கவில்லை. எவ்வளவு என்று கேட்டால், "உன் மனசுக்குத் தோணினது" என்பார். அந்தப் பதில் முப்பது வெள்ளியைவிட என்னைக் கலங்கடித்தது. நீதான் வழி சொன்னாய்: "மனசுக்குன்னா குறைச்சலா கொடுக்கறதுன்னு அர்த்தம் இல்ல. அவங்க காலைப் பொழுது உன்னோட போகுது. அதுக்கு என்ன தகுமோ அதைக் கொடு." பக்கத்து வீடுகளில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, அதற்குக் குறையாமல் நீயே மடித்து என் கையில் தந்து கொடுக்க வைத்தாய். கேட்காதவர்களுக்குத்தான் கணக்காகக் கொடுக்க வேண்டும் என்பது உன் கட்சி.

தேர்வில் நான்தான் கடைசியாக அடித்து முடித்தேன். பிழை இல்லை என்பதால் எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருடம் அந்தக் கையால் அடித்தேன். தம்பி படித்தான், அப்பா கடைசிவரை வயிறாரச் சாப்பிட்டார். உன் காலையும் மாக்சிக் சரியாக்கினார். ஆனால் முழுவதும் இல்லை. அடைமழை நாட்களில் நீ படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் பார்ப்பது தெரிந்தால் உடனே கையை எடுத்துவிடுவாய். ஒரு தடவையாவது உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நீ திட்டியிருப்பாய், திட்டினால் என்ன? கேட்டிருக்கலாம்.

போன மாதம் என் மருமகளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. பிள்ளையைத் தூக்க முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் இல்லை, நன்றாகத் தெரிந்தவரிடம் நீவிவிடச் சொல்லலாம் என்றார். புக்கிட் ரம்பாயில் எண்ணெய் போட்டு நீவிவிடும் ஓர் உடற்பிடிப்பு நிலையம் இருந்தது, கட்டணத்தைக் கேட்டு என் மகன் விசில் அடித்தான். நாளைக்குப் போகிறேன் என்று மருமகள் சொன்னாள். "நில்லு, நான் முதல்ல போய்ட்டு வரேன்" என்றேன்.

"உங்களுக்குத் தோள் வலியே இல்லையே, அத்தை!"

"அதனாலதான்" என்றேன்.

போய் உட்கார்ந்து, தோள் வலி என்றேன். அங்கிருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று வரிசையாகக் கேட்டாள். கையைத் தூக்கச் சொன்னாள், இறக்கச் சொன்னாள். மெதுவாக இரண்டு இடத்தில் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் சட்டைத் தோளைச் சரியாக இழுத்துவிட்டாள்.

"பாட்டி, உங்க தோள் நல்லாதான் இருக்கு. காசெல்லாம் வேணாம், வீட்டுக்குப் போங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயந்துபோய், எங்கே வலிக்கிறது என்று மறுபடியும் கேட்டாள். எங்கும் வலிக்கவில்லை அம்மா, நாளைக்கு என் மருமகளைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லி, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.