பள்ளிக்கூட நிலமும் அந்தத் திங்கட்கிழமையும்

வைஹாரு,
மே 12

அன்பு மகள் நாஹுயாவுக்கு,

உன்னை வளர்த்த மாமா ஹோஹெபா, முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று உலகப்போர் நடத்துவதைத் தவிர மற்றபடி நலம். பெர்த் வெயிலில் நீயும் பிள்ளைகளும் வற்றலாகாமல் இருக்க வேண்டுகிறேன்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாதே மகளே. தாத்தா பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த நிலம் நமக்கே திரும்பும், அதில் உனக்கு வீடு என்று கிறிஸ்துமஸுக்குச் சக்கரவர்த்திபோல் வாக்குக் கொடுத்தேன் அல்லவா, அந்த நிலம் போய்விட்டது. பள்ளியை மூடிய பிறகு, நிலம் திரும்ப வேண்டுமென்றால் மார்ச் பதினாறு, திங்கட்கிழமைக்குள் குடும்பத்தார் கையெழுத்திட்டுக் கேளுங்கள் என்று சர்க்கார் கடிதம் வந்தது. நம் குலத்துப் பொதுவிடமான மராயே மண்டபத்தில் எல்லாரும் கூடிப் பேசாமல் நிலத்துக்குக் கையெழுத்துப் போடும் வழக்கம் நமக்கு ஏது, சனிக்கிழமை கூட்டம் என்று ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினேன். வியாழக்கிழமை உன் பெரியம்மா பிரிஹிரா போய்விட்டாள். நீ போனில் பார்த்து அழுதாயே, அந்த மூன்று நாளும் நூற்றுப்பத்துப் பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், காகிதம் என் கோட்டுப் பையில் இருந்தது, ஆனால் திறந்த பெட்டியில் அக்கா படுத்திருக்க அவள் முன்னால் நிலப்பேச்சை எடுப்பதா? அவள் மாப்பிள்ளை கிரஹாம், வெள்ளைக்காரப் பிள்ளை, என் காதோரம் வந்து, "மாமா, கையெழுத்து வேணாம்னா விடுங்க, நான் ஒரு போன் போட்டு ஒரு வாரம் தவணையாவது கேக்கறேன்" என்றான். "உங்காளுங்க பிணத்த வச்சுக்கிட்டே ஏலம் விடுவாங்களாக்கும்! போடா, போய் உருளைக்கிழங்க உரி" என்று எல்லார் முன்னாலும் விரட்டினேன். மண்டபமே சிரித்தது. அவன் போய் ஒரு மூட்டை உரித்தான். கையெழுத்துக்குத்தான் தடை, ஒரு போனுக்கு எந்தத் தடையும் இல்லை, அது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அடக்கம் முடிந்து விருந்தில், அக்கா ஒற்றைக் கையால் காளையைக் கடலில் தள்ளிய கதையை நான் அளந்துகொண்டிருந்தபோது அங்கே சர்க்கார் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் போனேன். "ரொம்ப வருத்தமா இருக்குங்க ஐயா, தேதி நேத்தோட முடிஞ்சிருச்சு" என்றாள் அங்கிருந்த பெண். நல்ல பெண்தான், தேநீர்கூடக் கொடுத்தாள்.

இப்போது சர்க்காரிடம் நிலத்தை வாங்கியவர்கள் வகுப்பறைகளை இடித்து, அறுபத்துநான்கு வீடுகளுக்கு முளை அடித்துவிட்டார்கள். மண்ணைத் தோண்டுமுன் ஜெபம் சொல்ல நம் குடும்பத்துப் பெரியவர் வர வேண்டுமாம், கட்டுகிறவர்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "போனா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்கிறான் உன் சித்தப்பா தாமதி. நான் போகப்போகிறேன். அங்கே குடிவரும் பிள்ளைகள் யாரோ, அவர்கள் என்ன செய்தார்கள்? ஜெபம் சொல்லாத மண்ணில் அவர்களைத் தூங்க விடுவதா? கிரஹாமையும் கூட வரச் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்கு முன் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது, இரண்டு முறை அவன் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

நம் முன்னோரும் ஆண்டவரும் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். வீடு இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிவிடு மகளே, மறக்காதே. நான் சொன்னால் மாமா வழக்கம்போல் கதை விடுகிறார் என்று சிரிப்பார்கள்.

உன்னை வளர்த்த,
ஹோஹெபா மாமா