வீட்டில் ஒரு பெங்கால்

தோஹா
3.8.2024

அன்புள்ள நௌஷீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நீ நலமா?

அறையில் ஆறு பேர். போனில் இதைக் கேட்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சி சிஃபா நேற்றுப் பேசினாள். நம் வீட்டுக்கார அம்மாவைப் புதுவாயல் கடையில் பார்த்தாளாம். "அண்ணே, அண்ணி ஊட்ல ஒரு பெங்காலி கீறானாம். அந்தம்மாவே சொல்லுது. தெனம் மீன் வாங்கிப் போட்றாங்களாம். இன்னா நடக்குதுன்னு கேளு."

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் பெங்காலிகள் நிறைய என்று எனக்கும் தெரியும். அதில் ஒருவன் என் வீட்டில் எதற்கு?

கோபமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

உன்
ரிஜ்வான்


கவரைப்பேட்டை
19.8.2024

அன்புள்ள மச்சான்,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

பெங்காலி இல்லை. பெங்கால். பூனை.

படித்ததும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்காரர் கனகாம்பாள் அம்மா மாடிக்கு வந்தபோது பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, சிறுத்தைக் குட்டியா?" என்றார். "இல்லம்மா, பெங்கால்" என்றேன். அதுதான் சிஃபா காதுக்குள் மனிதனாகிவிட்டது.

கம்பெனியில் கூட வேலை செய்த காயத்ரி புனேவுக்கு மாறிப் போகும்போது இதை விட்டுப் போனாள். உடம்பெல்லாம் புள்ளி. ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் கொஞ்சம் வெளிர் நிறம். வெயிலில் முடி மினுங்கும். தண்ணீருக்குப் பயமில்லை, பாத்திரம் கழுவினால் குழாயடியில் காலை நீட்டும். மியாவ் என்பதே கிடையாது, ஒரே கூப்பாடு.

காட்டில் பிடித்ததில்லை, மச்சான். அமெரிக்காவில் ஒரு பெண்மணி, காட்டில் வாழும் சிறுத்தைப்பூனையையும் வீட்டுப் பூனையையும் இணைசேர்த்து உருவாக்கிய இனம். சிறுத்தைப்பூனையின் அறிவியல் பெயரில் வங்காளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதிலிருந்து வந்த பெயர். நான்கு தலைமுறை தள்ளிப் பிறந்தால் வீட்டு விலங்கு என்று ஒப்புக்கொள்வார்களாம். இது அதற்கும் எவ்வளவோ பின்னால் பிறந்தது.

இதோடு படம் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்
நௌஷீன்


தோஹா
8.9.2024

நௌஷீன்,

படம் பார்த்தேன். பூனைதான்.

பக்கத்துக் கட்டில்காரரிடம் காட்டினேன். காட்டு ரத்தம் எத்தனை தலைமுறை போனாலும் போகாது என்கிறார். வெளியே சாதுவாக இருக்கும், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? யாருக்காவது கொடுத்துவிடு.

இன்னொன்று. படத்தில் பூனையைத் தூக்கிப் பிடித்திருக்கும் கை. மணிக்கட்டு வரைதான் தெரிகிறது. நகத்தடியில் கறுப்பு. தடித்த விரல்கள். படம் எடுத்தது நீ என்றால் பிடித்திருப்பது யார்?

சிஃபாவை ஒரு வாரம் உன்னோடு தங்கச் சொல்லியிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ரிஜ்வான்


கவரைப்பேட்டை
27.9.2024

ரிஜ்வானுக்கு,

அது என் கை.

படம் எடுத்தது கனகாம்பாள் அம்மா.

மார்ச்சிலேயே எழுதினேன், கம்பெனி ஆபீசிலிருந்து இரும்பு வார்க்கும் பவுண்டரிக்கு மாற்றிவிட்டார்கள் என்று. மணல் அச்சைத் தேய்த்துச் சரிசெய்கிற வேலை. கையுறை போட்டாலும் கறுப்பு ஏறும். சோப்புக்குப் போகாது. நீங்கள் போட்ட மோதிரம் இப்போது நுழைவதில்லை.

பூனைக்கு நான்கு தலைமுறை என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் நம்பிவிடுவார்கள். நமக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். எனக்கு எந்த எண் என்று நீங்கள் சொன்னதில்லை.

சிஃபா வந்தாள். செருப்பைக் கழற்றியதும் கட்டிலடியில் குனிந்து பார்த்தாள். பூனை இருந்தது. "நாந்தான் தப்பா கேட்டுகினேன் அண்ணி" என்று அழுதாள். ஒரு வாரமெல்லாம் தங்கவில்லை. டீ குடித்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினாள்.

அவளிடம் எனக்குக் கோபமில்லை. அவள் தப்பாகக் கேட்டாள். நீங்கள் தெளிவாகவே கேட்டீர்கள்.

டிசம்பரில் வரும்போது நேரே பழவேற்காட்டுக்கு, உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள். கனகாம்பாள் அம்மாவிடம் கொடுத்துவைத்திருந்த உங்கள் சாவியை வாங்கிக்கொண்டேன்.

நௌஷீன்